சத்தம் போட்டு வாசிக்கும் வகுப்பு

செம்பூர், பம்பாய்
14-9-1986

அன்புள்ள ஜெயசீலிக்கு,

இன்று செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை சரியாகப் பத்து மணி. வந்தவர்கள் இருபத்துமூன்று பேர். கம்ப்யூட்டர் ஒன்று. இதை முதலில் எழுதிவிட்டேன். இனி ஸ்தோத்திரம். நான் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி? "பரவாயில்லை" என்று எழுதாதே. மாடிப்படி ஏறுகிறாளா இல்லையா என்று எழுது.

தாராவியில் நாகூர் கனி என்பவருக்குத் தோல் பட்டறை இருக்கிறது. கீழே பர்ஸ், பெல்ட் தைக்கிறார்கள். மேல்மாடி சும்மா கிடந்தது, கொடுத்தார். கம்ப்யூட்டரைக் கொடுத்தவர் எங்கள் மேனேஜர் வெங்கடேஸ்வரன். ஆபீசில் புதியது வந்ததும் பழையது மூலையில் தூசி தின்றுகொண்டிருந்தது. நான் கேட்டேன். மனிதர் சும்மா கொடுப்பவர் இல்லை, நிபந்தனை போட்டார். மார்ச் கடைசி ஞாயிறு அவரே டெஸ்ட் வைப்பார். மணிக்கு எட்டாயிரம் தட்டு. ஒரு விசையை ஒரு தடவை தட்டினால் ஒரு தட்டு. என் வகுப்பிலிருந்து இரண்டு பேர் அந்த வேகத்தைத் தொட்டால் இரண்டு பேருக்கும் எங்கள் ஆபீசில் வேலை, மெஷினும் தாராவியிலேயே இருக்கும். தொடாவிட்டால் மறுநாளே மெஷின் தாணே கிளைக்குப் போய்விடும். வகுப்பும் முடிந்தது.

எதற்கு இந்த வேலை என்று கேட்பாய். விண்ணப்பத்தில் "தாராவி" என்று எழுதினால் இங்கே நேர்முகத்துக்கே கூப்பிடுவதில்லை. படித்தவர்கள்கூட சயான், மாட்டுங்கா என்று சொந்தக்காரர் விலாசத்தைப் போடுகிறார்கள். டெஸ்டில் விரலைத்தான் பார்ப்பார்கள், விலாசத்தைக் கேட்கமாட்டார்கள். அவ்வளவுதான் காரணம், பெரிய சேவை ஒன்றும் இல்லை.

சட்டங்கள்: செருப்பு வெளியே. கை கழுவிவிட்டு வரவேண்டும். தினமும் மாலை ஏழு முதல் ஒன்பது வரை. ஒரு நிமிடம் தாமதமானாலும் கதவு சாத்தியிருக்கும்.

அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம்.

உன் அண்ணன்
ஏசுதாஸ்


பாளையங்கோட்டை
22-9-86

அன்புள்ள அண்ணனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அம்மா மாடிப்படி ஏறுகிறாள், இறங்கும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டுகிறாள். போதுமா?

நீ எழுதியது கடிதமா, ஆபீஸ் ரிப்போர்ட்டா? அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது நடுவில் நானாக நாலு பாசமான வரி சேர்த்துக்கொண்டேன். "பிள்ளை எவ்வளவு அழகா எழுதியிருக்கான்" என்று கண் கலங்கிவிட்டாள். அடுத்த முறை நீயே எழுதிவிடு, எனக்கு வேலை மிச்சம்.

ஒரு சந்தேகம். ஆள் இருபத்துமூன்று, மெஷின் ஒன்று. இரண்டு மணி நேரத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம். மிச்ச நேரம் முழுக்க அவர்கள் என்ன செய்வார்கள், உன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டா? சின்ன வயதில் எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தாயே, மூன்றாம் நாளே "உனக்கு வராது" என்று சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு போனாய். பிறகு நானாகத்தான் கற்றுக்கொண்டேன். அதை நினைத்து அந்த இருபத்துமூன்று பேருக்காகவும் ஜெபம் செய்கிறேன்.

வக்கீல் பிரம்மநாயகம் சார் ஆபீசில் வேலை எப்போதும்போல. நேரத்துக்குச் சாப்பிடு.

தங்கை
ஜெயசீலி


செம்பூர்
12-10-86, மாலை 4.30

அன்புள்ள ஜெயசீலிக்கு,

ஸ்தோத்திரம். நலம். சைக்கிள் விஷயம் எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது வருகிறவர்கள் பதினாறு பேர். ஏழு பேர் நின்றுவிட்டார்கள். வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்துசேர முடியவில்லையாம். ஏழு என்றால் ஏழுதான்.

உன் சந்தேகத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. கீழே பட்டறையில் வேலை செய்யும் ராபியா என்ற பெண், இருபது வயது, மேலப்பாளையத்துக் குடும்பம், பிறந்தது தாராவி. இரண்டாம் வாரம் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே இருபத்துமூன்று கீபோர்டு. எல்லாம் தோலில் செய்தவை. கழித்துப் போட்ட தோல் துண்டுகளை வெட்டி, பர்ஸில் பெயர் பொறிக்கும் எழுத்து அச்சுகளால் ஒவ்வொரு விசையையும் அடித்திருக்கிறாள். ஸ்கேல் வைத்து அளந்தேன். விசைக்கு விசை இடைவெளி அசல் மாதிரியே இருக்கிறது. எப்போது அளந்தாய் என்று கேட்டேன். அவளுக்குக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் தட்டாமல் அளந்தாளாம். இப்போது யாரும் சும்மா உட்கார்வதில்லை.

இன்னொரு ஆள் கணேசபாண்டியன். விடியற்காலை சைக்கிளில் இட்லி விற்கிறவன். மாலையில் உட்கார்ந்தபடியே தூங்குவான், ஆனால் விரல் மட்டும் சரியான விசையில் இருக்கும். எப்படி என்று தெரியவில்லை.

பயிற்சிக்கு ஆபீசிலிருந்து பழைய சமையல் கேஸ் கனெக்ஷன் விண்ணப்பங்களைக் கொண்டு வந்தேன். எங்கள் ஆபீசில் இதுதான் வேலை. கையால் நிரப்பிய பெயர், விலாசம், நம்பரை மெஷினில் ஏற்றவேண்டும். இங்கே ஒரு தொல்லை. இவர்கள் பட்டறைப் பழக்கத்தை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். கீழே ஒருவர் ஆர்டர் சீட்டைச் சத்தம் போட்டு வாசிப்பார், மற்றவர்கள் தலை நிமிராமல் வெட்டுவார்கள். கத்தியிலிருந்து கண்ணை எடுத்தால் விரல் போய்விடும், அதனால் அங்கே அது சரி. இங்கே விண்ணப்பத்தை ராபியா ராகம் போட்டு ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, பதினைந்து பேர் தோலைத் தட்டுகிறார்கள். மீன் ஏலம் மாதிரி இருக்கிறது. டெஸ்டில் யார் வந்து வாசிப்பார்கள்? காகிதத்தைப் பார், தட்டு. அதுதான் முறை.

ஒரு சட்டம் போட்டுவிட்டேன். இப்போது அமைதியாக இருக்கிறது.

ஏசுதாஸ்

பி.கு. அம்மாவுக்குப் பாசமான வரி: அம்மா, நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.


பாளையங்கோட்டை
21-10-86

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். சுகமறிய ஆவல். உன் பாசமான வரியை வாசித்ததும் அம்மா, "என்ன சாப்பிடுறான், யாரு சமைக்கிறா?" என்று ஆரம்பித்தாள். ஒரு வரி எழுதி இரண்டு மணி நேரத்துக்கு வேலை வைத்துவிட்டாய்.

தோல் கீபோர்டு பற்றி வக்கீல் சாரிடம் சொன்னேன். "அந்தப் பெண்ணைப் பார்க்கவேண்டும்" என்றார். எனக்கும் அப்படித்தான்.

என்ன சட்டம் என்று நீ எழுதவில்லை. அமைதி என்றால் எப்படிப்பட்ட அமைதி? எங்கள் ஆபீசில் கட்சிக்காரர் கேஸ் தோற்றாலும் அமைதியாகத்தான் இருக்கும்.

ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மெலிந்துவிட்டாயா என்று அம்மா பார்க்கவேண்டுமாம்.

தங்கை
ஜெயசீலி


செம்பூர்
16-11-86

ஜெயசீலிக்கு,

ஸ்தோத்திரம். நலம்.

தோல் தூசி பிளாப்பி டிரைவில் போய்விட்டது. கழற்றித் துடைத்தேன். இரண்டு பிளாப்பி கெட்டுவிட்டன. விசைகளில் N வேலை செய்யவில்லை, அடியில் இட்லித் துணுக்கு இருந்தது. திரைக்குத் துணி உறை தைக்கச் சொன்னேன். கரண்ட் மட்டும் ஒழுங்காக வருகிறது. கணேசபாண்டியன் மணிக்கு ஐயாயிரத்து நூறு. மற்றபடி ஒன்றும் விசேஷம் இல்லை.

போட்டோ பிறகு.

ஏசுதாஸ்


பாளையங்கோட்டை
25-11-86

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமில்லை என்று நினைக்கிறேன்.

உன் மூன்று கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் முதல் வரியே இருபத்துமூன்று பேர். இரண்டாவதில் பதினாறு. மூன்றாவதில் இட்லித் துணுக்கு வரைக்கும் எழுதியிருக்கிறாய், எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுதவில்லை. சின்ன வயதில் தீப்பெட்டிப் படத்தைக்கூட எண்ணி எழுதி வைப்பவன் நீ. ராபியா பெயரும் இல்லை. திரை உறையைத் "தைக்கச் சொன்னேன்" என்கிறாய். தைக்கத் தெரிந்த பெண் அங்கேதானே இருந்தாள், யாரிடம் சொன்னாய்?

என்ன செய்தாய்?

தங்கை
ஜெயசீலி


பாளையங்கோட்டை
19-12-86

அன்புள்ள அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். மூன்று வாரமாகப் பதில் இல்லை. அம்மாவிடம் நீ எழுதியதாகச் சொல்லி நானே ஒரு கடிதம் வாசித்தேன். அதில் நீ ரொம்ப நல்லவன்.

எண்ணிக்கையை மட்டும் எழுது. ஒரு போஸ்ட் கார்டு போதும்.

ஜெயசீலி


செம்பூர்
28-12-86, ஞாயிறு, பகல் 2.00

அன்புள்ள ஜெயசீலிக்கு,

நான்கு.

ஸ்தோத்திரம். கிறிஸ்துமஸ் வாழ்த்து கிடைத்தது. இனி நடந்தது நடந்தபடி.

அக்டோபரில் போட்ட சட்டம், சத்தமாக வாசிக்கக் கூடாது என்பது. போர்டே எழுதி மாட்டினேன். அடுத்த நாள் ராபியா மெதுவாக, உதட்டுக்குள் வாசித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அதற்கே தட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "வாயை மூடிக்கிட்டு அடிக்கத் தெரியாதவங்களுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? கீழே போய் பெல்ட்டுக்கு ஓட்டை போடலாம்." அவள் தன் கீபோர்டை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே போனாள். ஒரு வாரத்துக்குள் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நான்கு பேர் மிஞ்சினார்கள். இதைத்தான் உனக்கு எழுதவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து நாகூர் கனிக்குக் கேக் கொண்டுபோனேன். பகல் ஒன்றரை மணி, பட்டறையில் சாப்பாட்டு நேரம். வாசலிலேயே சத்தம் கேட்டது. ராபியாவின் ராகம். எட்டிப் பார்த்தேன். தையல் மெஷின்களுக்கு நடுவில் தரையில் பதினெட்டுப் பேர், மடியில் தோல் கீபோர்டு. முதலில் நின்றுபோன ஏழு பேரும் அதில் இருந்தார்கள். ஆட்டோ ரிக்ஷா ஓட்டுகிறவர் ஒருவர்கூட வந்திருந்தார். அவரை நான் பார்த்ததே இல்லை.

என்ன பாடம் நடக்கிறது என்று கவனித்தேன். முந்தின நாள் மாலை மேலே நான் நடத்திய பாடம். கணேசபாண்டியன் எழுந்து நின்று என்னை மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தான். தினமும் மேலே கேட்டதை மறுநாள் கீழே ஒப்பித்திருக்கிறான். இரண்டு மாதமாக ஒரு பாடம் விடவில்லை. செருப்பு வெளியே கிடந்தது, எல்லோரும் கை கழுவியிருந்தார்கள். என் சட்டம் எல்லாம் அங்கே இருந்தது, ஒன்றைத் தவிர.

நாகூர் கனி கேக்கை வாங்கிக்கொண்டு சொன்னார்: "தம்பி, மேல கம்ப்யூட்டர் இருக்கு, கீழ கம்ப்யூட்டர் இல்லை. எந்த கிளாஸ் நல்லா நடக்குதுன்னு நான் சொல்லமாட்டேன். இடம் ரெண்டும் என்னுது."

கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ராபியா ஒரு நிமிடத்தில் இருநூற்றுப் பதினைந்து எழுத்து வாசிக்கிறாள். முதல் வரிசையில் நால்வர் அவளுக்குப் பின்தங்கவே இல்லை. மணிக்குப் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். எங்கள் ஆபீசில் யாருக்கும் அந்த வேகம் கிடையாது. பெருக்கியதில் தப்பு என்று நினைத்து மறுபடி எண்ணினேன். தப்பு இல்லை.

அப்போதுதான் அவர்கள் என்னைப் பார்த்தார்கள். வாசிப்பு நின்றுவிட்டது.  "நான் வாசிக்கட்டுமா?" என்று கேட்டேன். விண்ணப்பத்தை ராபியா நீட்டினாள். வாசித்தேன். ஐந்தாவது வரியில் கணேசபாண்டியன் கையைத் தூக்கிவிட்டான். "சார், இது ஃபாஸ்ட் ரயிலா போகுது. தாதர் ஸ்டேஷன்ல கூட நிக்கல." எல்லோரும் சிரித்தார்கள். ராபியா சிரிக்காமல், "மூச்சு விடுற இடம் இருக்கு சார். அது தெரியாம வாசிச்சா கை தடுக்கும்" என்று சொல்லி காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

எல்லோரையும் மேலே வரச் சொன்னேன். நாளை முதல் நேரம் ஏழரை.

ஏசுதாஸ்


பாளையங்கோட்டை
5-1-87

அன்புள்ள அண்ணனுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நாங்கள் சுகம். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு ஒரு எழுத்துகூட மாற்றாமல் வாசித்தேன். பெல்ட் ஓட்டை வரும்போது, "என் வயித்துல பிறந்த பிள்ளையா இது" என்றாள். கணேசபாண்டியன் கையைக் கட்டி நின்ற இடத்தில் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

ஒன்று சொல்கிறேன். எனக்கு இது அதிசயமாகவே இல்லை. வக்கீல் சார் மேலும் கீழும் நடந்துகொண்டே சொல்லுவார், நான் டைப் அடிப்பேன். அவருடைய கையெழுத்தைப் பார்த்து அடிக்கச் சொன்னால் என் வேகம் பாதியாகிவிடும். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்காதே. மீன் ஏலம் என்று முடிவு கட்டிவிட்டுத்தானே எழுதினாய், என்னிடம் எங்கே கேட்டாய்?

இப்போது எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, டெஸ்டில் யார் வாசிப்பார்கள்? இரண்டு, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாயா? "மேலே வரச் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறாய். அது மன்னிப்பு இல்லை.

தங்கை
ஜெயசீலி


செம்பூர்
22-2-87, ஞாயிறு, மாலை 6.00

அன்புள்ள ஜெயசீலிக்கு,

ஸ்தோத்திரம். நலம். அம்மாவுக்கு இருமல் நின்றதா?

இருபத்தாறு பேர். போட்டோ இத்துடன் இருக்கிறது. வலது ஓரத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பவள் ராபியா. நடுவில் தூங்குபவன் கணேசபாண்டியன். நான் மெலியவில்லை.

உன் முதல் கேள்வி. டெஸ்டில் யாரும் வாசிக்கமாட்டார்கள். ஆளுக்கு ஒரு நாற்காலி, ஒரு மெஷின், ஒரு கட்டு காகிதம். இரண்டு மாதமாகக் காகிதத்தைப் பார்த்துத் தட்டவும் பழக்குகிறேன். ராபியா மணிக்கு ஆறாயிரத்து இருநூறைத் தாண்டவில்லை, கணேசபாண்டியன் ஆறாயிரத்து நானூறு. கண் காகிதத்துக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் கை நின்றுவிடுகிறது. ஐந்து வாரத்தில் எட்டாயிரம் வராது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இன்று காலை மாட்டுங்காவில் வெங்கடேஸ்வரன் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி சுப்புலக்ஷ்மி மாமி நல்ல காப்பி கொடுத்தார். வெங்கடேஸ்வரன் கொடுத்தது உபதேசம். ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டுவதை டெஸ்டில் அனுமதிக்கவேண்டும் என்றேன். "ரெண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்துட்டு ஒருத்தர் வேலையை வாங்கிக்கச் சொல்றியா? பதிமூணாயிரத்தை ரெண்டால வகு" என்றார். வகுத்தேன். ஆறாயிரத்து ஐந்நூறு. எட்டாயிரம் இல்லை. கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்து வந்து பஸ் பிடித்தேன். மெஷின் போய்விடும் என்றுதான் நினைக்கிறேன். வகுப்பில் இன்னும் சொல்லவில்லை.

இரண்டாவது கேள்வி பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஏசுதாஸ்


பாளையங்கோட்டை
2-3-87

அண்ணனுக்கு,

சுகம். இருமல் நின்றது. போட்டோவை அம்மா ஏசு படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். வருகிறவர்கள் எல்லாம் தூங்குகிறவன் யார் என்றுதான் கேட்கிறார்கள்.

நீ தனியாக உட்கார்ந்து கணக்குப் போடாதே. தோல் கீபோர்டில் கற்றவர்கள் அங்கே இருபத்தாறு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்.

பிறகு என்றால் எப்போது?

ஜெயசீலி


செம்பூர்
30-3-87, திங்கள், மாலை 5.20

அன்புள்ள ஜெயசீலிக்கும் அம்மாவுக்கும்,

ஸ்தோத்திரம். இந்தக் கடிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள். நான் நலம், ரொம்ப நலம்.

மெஷின் போகவில்லை.

நீ சொன்னபடி வகுப்பில் சொன்னேன். ஆபீசில் வேலை எப்படி நடக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஒருவர் ஏற்றுவார், வேறொருவர் அதையே மறுபடி ஏற்றுவார், இரண்டும் ஒத்துப்போகாத இடத்தை மெஷின் காட்டும், அதைத் திருத்துவார்கள் என்றேன். எல்லா இடத்திலும் அப்படித்தான், அது எனக்குப் பழகிப்போன விஷயம்.  ராபியா கேட்டாள்: "அப்ப ஒரு ஃபாரத்துக்கு அங்கயும் ரெண்டு ஆளுதான சார்? அந்த ரெண்டாவது ஆளு வாசிச்சா என்ன?"

ஆறு மாதமாகக் கணக்குப் போடுகிறவன் நான். இது எனக்குத் தோன்றவில்லை.

நேற்று டெஸ்ட். காலை பத்து மணி, ஏ.சி. அறை. ராபியா, கணேசபாண்டியன் இருவரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். அரை மணி நேரம் தனித்தனியாகத் தட்டினார்கள். ராபியா மணிக்கு ஆறாயிரத்து ஐந்நூறு வேகம், கணேசபாண்டியன் ஆறாயிரத்து எழுநூறு. வெங்கடேஸ்வரன் பேனாவை மூடிவிட்டு, "ஆறு மாசத்துக்கு இது நல்ல வேகம்தான், ஆனா போதாதே" என்றார். நான் பேச வாயெடுத்தேன். ராபியா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், பேசாதே என்று. அவளே பேசினாள்.

"சார், உங்க ஆபீஸ்ல ரொம்ப வேகமான ரெண்டு பேரைக் கூப்பிடுங்க. நூறு ஃபாரம் அவங்களுக்கு, அதே நூறு எங்களுக்கு. தப்பில்லாம யாரு முதல்ல முடிக்கிறாங்கன்னு பாருங்க. நாங்க தோத்தா மெஷினை நாங்களே தூக்கிக் கொண்டாந்து தந்துடுதோம்."

ஞாயிறு ஓவர்டைமுக்கு வந்திருந்த இரண்டு ஆபரேட்டர்கள் எழுந்துவந்தார்கள். ஆரம்பிக்கும்போது மணி 11.05. ராபியா வாசித்தாள், கணேசபாண்டியன் தட்டினான். ஐம்பதாவது ஃபாரத்தில் இடம் மாறிக்கொண்டார்கள், அவன் வாசித்தான், அவள் தட்டினாள். அந்த ஆபீசில் நான் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன், விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தம் கேட்டதில்லை. கையெழுத்து புரியாத இடத்தில் மற்ற இருவரும் நின்று யோசித்தார்கள். இவர்கள் நிற்கவில்லை. பட்டறையில் இதைவிட மோசமான சீட்டை வாசித்துப் பழகியவர்கள்.

11.47க்கு முடித்தார்கள். ஆபீஸ் ஜோடி இருவரும் ஏற்றி, ஒப்பிட்டு, திருத்தி முடிக்கும்போது 12.09. வெங்கடேஸ்வரன் நூறு ஃபாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு தானே சரிபார்த்தார். ஆபீஸ் ஜோடியில் மூன்று தப்பு மிச்சம். நம்முடையதில் இரண்டு. அதில் ஒன்று தப்பே இல்லை, விண்ணப்பித்தவரே தன் பெயரை அப்படித்தான் எழுதியிருந்தார். அதையும் கணேசபாண்டியன் வாதாடி வென்றான்.

வெங்கடேஸ்வரன் சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். "சத்தம் போடப்படாதுன்னு நான்தான் எழுதி மாட்டினேன். நாளைக்கு எடுத்துடறேன். அந்தக் கண்ணாடி ரூம் உங்க ரெண்டு பேருக்கு. கதவைச் சாத்திண்டு வாசிங்கோ" என்றார். நான் என்னவோ புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்து என் கையைக் குலுக்க வந்தார். நான் அவளைக் காட்டினேன். அவளுக்குக் கை கொடுக்கத் தயங்கி, கும்பிட்டுவிட்டார்.

வேலைக்கான விண்ணப்பத்தில் விலாசம் எழுதும் இடம் வந்தது. கணேசபாண்டியன் பழக்கத்தில் "சயான்" என்று எழுத ஆரம்பித்தான். ராபியா பேனாவைப் பிடுங்கி அடித்துவிட்டுத் தாராவி என்று எழுதினாள். வேலையில் சேரும் தேதி ஏப்ரல் ஒன்று. ஏப்ரல் ஃபூல் ஆக்குகிறார்களோ என்று கணேசபாண்டியன் இன்னும் முழுசாக நம்பவில்லை. நாகூர் கனி பட்டறை முழுவதற்கும் பிரியாணி சொல்லிவிட்டார். "நல்ல ஆளை உங்க ஆபீஸ்காரன் தூக்கிட்டுப் போறான், நான் எதுக்கு பிரியாணி போடுறேன்னு எனக்கே விளங்கல" என்று சொல்லிக்கொண்டே போட்டார். இருபத்தாறு பேர் என்று கணக்குச் சொன்னேன். சாப்பிட்டவர்கள் அறுபது பேர் இருக்கும். எண்ணவில்லை.

ஜெயசீலி, உன் இரண்டாவது கேள்விக்கு இரண்டு முறை பதில் எழுதாமல் விட்டேன். பதில்: கேட்கவில்லை. டிசம்பரில் கேட்கவில்லை, ஜனவரியில் கேட்கவில்லை, நேற்று ஆபீஸ் படியில் இறங்கும்போது வாய் வரை வந்தது, "பஸ் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டேன். பஸ் வரவில்லை. அவள் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. பேசாதது எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை.

அதனால் இனி செய்யவேண்டியவை:

1. மேல்மாடியில் நான் மாட்டிய போர்டைக் கழற்றுவது.

2. பக்கத்துக் குடிசைப் பகுதியான சீத்தா கேம்பிலிருந்து பத்துப் பேர் வகுப்பு கேட்டு வந்தார்கள். அவர்களுக்குத் தோல் கீபோர்டு பத்து செய்வது. வெட்டுவது நான். அச்சு அடிப்பது நான் இல்லை, கோணலாகப் போகிறது.

3. வகுப்பு நேரத்தை நான் சொல்லாமல், வருகிறவர்களிடம் கேட்டு வைப்பது.

4. அம்மாவுக்கு மே மாதம் ரயில் டிக்கெட் எடுப்பது. முழங்காலோடு தாராவி மாடிப்படி ஏறமுடியுமா என்று பார்த்துச் சொல்லவும்.

5. நாளை செவ்வாய்க்கிழமை மாலை ஏழரை மணிக்கு, எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, எல்லோர் முன்னாலும், ஏனென்றால் அன்று சொன்னதும் எல்லோர் முன்னாலும்தான், "ராபியா, அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்று சொல்வது. சத்தமாக.

6. அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது.

7. பிறகு நான் கீழே தரையில் ஒரு தோல் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்வது. அவள் வாசிப்பாள்.

ஏசுதாஸ்